குதிரைமேல் காலும் அமர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரையேற்றம் கற்க வந்த முதல் வாரத்தில் எழும் சந்தேகங்களும், இரண்டு வருடம் ஓட்டிய பிறகு எழும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: கால் சொன்ன இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, உடம்பு துள்ளுகிறது. பயிற்சித் திடலின் வேலியோரம் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல்தான் நிற்கின்றன.

புதியவர்களுக்காகச் சில சொற்கள். அங்கவடி என்பது பாதத்தை நுழைக்கும் வளையம். அது சேணத்திலிருந்து ஒரு தோல்வாரில் தொங்கும். ட்ராட் என்பது குதிரையின் இரண்டு தாள ஓட்டம். கேன்டர் மூன்று தாளப் பாய்ச்சல். ரைசிங் ட்ராட் என்றால் ட்ராட்டில் ஒரு தாளத்துக்கு எழுந்து அடுத்த தாளத்துக்கு அமர்ந்து போவது.

நான் சரியாத்தான் உட்கார்ந்திருக்கேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்குக் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் தெரிய வேண்டும். குதிரையை அடியிலிருந்து அப்படியே உருவிவிட்டால் நீங்கள் இரண்டு காலில் நின்றுகொண்டிருப்பீர்களா என்று கற்பனை செய்து பாருங்கள். மல்லாக்க விழுவீர்கள் என்றால் கால் முன்னால் போயிருக்கிறது. குப்புற விழுவீர்கள் என்றால் பின்னால் போயிருக்கிறது.

இந்த யோசனை மிகப் பழையது. அங்கவடியே பழக்கத்தில் இல்லாத காலத்தில், ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்பு, கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் இதையேதான் எழுதிவைத்தார்: நாற்காலியில் உட்கார்வதுபோல் உட்காராதே, கால்களை அகட்டி நிமிர்ந்து நிற்பதுபோல் அமர். ஆனால் கோட்டை மனதில் வரைந்துகொண்டு உடம்பை அதில் விறைப்பாக மாட்டிவிடாதீர்கள். நின்றுகொண்டிருக்கும் குதிரைமேல் யாருக்கும் கோடு அழகாக வரும். குதிரை நகரும்போது அது எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

"உட்காரும் எலும்புல உட்காரு"ன்னு சொல்றாங்க. அது எங்கே இருக்கு?

கெட்டியான ஒரு பலகையில் அமர்ந்து, உள்ளங்கைகளைப் புட்டத்துக்கு அடியில் வையுங்கள். முன்னும் பின்னும் மெதுவாக ஆடினால் இரண்டு பக்கமும் முண்டாக ஏதோ கையை அழுத்தும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. முதுகை வளைத்துக் கூன் போட்டால் அவை முன்னோக்கி உருளும். முதுகை உள்வளைத்து நெஞ்சைத் தூக்கினால் பின்னோக்கி உருளும். இரண்டுக்கும் நடுவில், நேராகக் கீழே குத்துகிற ஓர் இடம் இருக்கிறது. சேணத்தில் உங்களுக்கு வேண்டியது அந்த இடம்.

குதிரைமேல் இதை நடையில் தேடுங்கள். கண்ணை முன்னால் வைத்துக்கொண்டு, இடது எலும்பு, வலது எலும்பு என்று மாறி மாறி இறங்குவதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஒரு சுற்றுப் போய்வாருங்கள். குதிரையின் பின்னங்கால் தரையை விட்டு முன்னால் வரும்போது அந்தப் பக்கத்து முதுகு சற்று இறங்கும். அதோடு உங்கள் எலும்பும் இறங்கும். இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் அமர்வு சமமாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் சாய்வைப் பற்றிய கேள்வி கீழே இருக்கிறது.

அங்கவடி எவ்வளவு நீளம் இருக்கணும்?

தரையில் நின்றபடி ஒரு தோராய அளவு எடுக்கலாம். சேணத்தில் தோல்வார் மாட்டியிருக்கும் இடத்தில் விரல்நுனியை வைத்து, அங்கவடியைக் கையோடு நீட்டிப் பிடித்தால் அது அக்குளைத் தொட வேண்டும். மேலே ஏறிய பிறகு பாதத்தை வெளியே எடுத்துக் காலைத் தளரத் தொங்கவிடுங்கள். அங்கவடியின் அடித்தட்டு கணுக்கால் எலும்புக்கு நேராக வந்தால் சாதாரணப் பயிற்சிக்குச் சரி. தடை தாண்டுவதற்கு இரண்டு மூன்று துளை குறைப்பார்கள். டிரெஸ்ஸாஜ், அதாவது குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் கலை, ஓட்டுபவர்கள் இதைவிட நீளமாக வைப்பார்கள்.

நீளமான அங்கவடி பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்று அவசரப்பட்டு இறக்குகிறவர்கள் அதிகம். இடுப்பு இன்னும் திறக்காத நிலையில், அதாவது தொடை தளர்ந்து கீழே இறங்காத நிலையில், இறக்கினால், கால் அங்கவடியை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். கட்டைவிரல் கீழே போகும், குதிகால் மேலே வரும். சந்தேகம் வந்தால் ஒரு துளை குட்டையாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

பாதத்தை உள்ளே எவ்வளவு விடணும்?

விரல்களுக்குச் சற்றுப் பின்னால், பாதத்தின் அகலமான பகுதி அடித்தட்டில் பதிய வேண்டும். அதற்குமேல் உள்ளே விட்டால் கணுக்கால் மடங்காது. விழும்போது பாதம் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஷூவுக்குக் குதி கட்டாயம் வேண்டும். அங்கவடி ஷூவைவிட மொத்தமாக இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். இறுக்கமானதும் ஆபத்து, பாதம் முழுக்க நழுவிப் போகிற அளவுக்குப் பெரியதும் ஆபத்து.

"குதிகால் கீழே, குதிகால் கீழே"ன்னு கத்திக்கிட்டே இருக்காங்க. எவ்வளவு அழுத்தினாலும் இறங்க மாட்டேங்குது.

அழுத்துவதால்தான் இறங்கவில்லை. குதிகாலைப் பலமாகக் கீழே தள்ளும்போது முழங்கால் நீள்கிறது, கணுக்கால் பூட்டிக்கொள்கிறது, கால் முன்னால் போகிறது, அதன் எதிர்விசையில் புட்டம் சேணத்தின் பின்பக்கம் தள்ளப்படுகிறது. ஒரு இடத்தைத் திருத்தப் போய் நான்கு இடம் கெடும். உலகத்தில் எந்தப் பயிற்சித் திடலிலும் அதிகமாகக் கத்தப்படும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். பாதிப் பேருக்கு அது உதவுவதில்லை.

குதிகால் இறங்குவது ஒரு விளைவு. உடம்பின் எடை இடுப்பில் தங்காமல், தொடையில் தங்காமல், முழங்காலில் தங்காமல் கடைசிவரை வழிந்து இறங்கினால் குதிகால் தானாகக் கீழே போகும். எனவே எடை எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது முழங்காலாக இருக்கும். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

செய்து பார்க்க: நடையில், பிடரி மயிரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அங்கவடியில் எழுந்து நில்லுங்கள். முழங்காலை விறைக்காமல் லேசாக மடக்கி வையுங்கள். குதிரையின் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் ஒரு நூலளவு இறங்கி ஏறுவது தெரியும். அந்த அசைவை நிறுத்தாமல் மெதுவாக உட்காருங்கள். குதிகால் கால்விரலைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் போதும். சிலருக்குக் கணுக்கால் அமைப்பே சமமட்டத்துக்குக் கீழே போக விடாது. அவர்கள் அசைவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

முழங்காலால் இறுக்கிப் பிடிக்கணுமா, வேண்டாமா? ஒருத்தர் பிடிங்கிறார், ஒருத்தர் விடுங்கிறார்.

முழங்கால் சேணத்தில் படிந்திருக்க வேண்டும், கவ்வக் கூடாது. கவ்வினால் முழங்கால் ஓர் ஆணி மாதிரி ஆகிவிடும். அந்த ஆணியைச் சுற்றிக் கீழ்க்கால் பின்னால் ஆடும், மேலுடம்பு முன்னால் ஆடும். தவிர, இரண்டு பக்கமும் கவ்வும் முழங்கால்கள் உங்களைச் சேணத்திலிருந்து மேலே பிதுக்கிவிடும். விழாமல் இருக்கப் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு விழுவதற்கு வழி செய்கிறோம்.

"பிடி" என்று சொன்னவர் அநேகமாக முழங்கால் வெளியே விரிந்து கிடப்பதைப் பார்த்துச் சொல்லியிருப்பார். அதுவும் தவறுதான். தொடையின் உட்புறமும் முழங்காலும் படிந்து, ஆடுசதையின் உட்பக்கம் குதிரையின் விலாவை லேசாகத் தொட்டுக்கொண்டிருப்பது நடுவழி. ஓட்டி முடித்து இறங்கியதும், முழங்கால்வரை வரும் உங்கள் ஷூவின் குதிரையைத் தொடும் பக்கத்தைப் பாருங்கள். வியர்வையும் தூசியும் சேர்ந்த கறை ஆடுசதைப் பகுதியில் பரவலாக இருந்தால் நல்லது. முழங்கால் பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்து, கீழே சுத்தமாக இருந்தால் நீங்கள் கவ்வியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன சொன்னாலும் ஷூ பொய் சொல்லாது.

கால் முன்னாடியே போகுது. பின்னால இழுத்து வச்சாலும் ரெண்டு சுத்துல பழைய இடம்.

நாற்காலி அமர்வு என்பார்கள் இதை. கீழ்க்காலை மட்டும் இழுத்து வைத்தால் அது நிற்காது, ஏனென்றால் காரணம் அங்கே இல்லை. மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, இடுப்பு: கூன் போட்டு, உட்காரும் எலும்பின் பின்பக்கத்தில் அமர்ந்திருந்தால் தொடை தானாக மேலேறி முன்னால் போகும். இரண்டாவது, மேலே சொன்ன குதிகால் தள்ளும் பழக்கம்.

மூன்றாவதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை: சேணம். தரையிலிருந்து பக்கவாட்டில் பார்த்தால் சேணத்தின் மிகத் தாழ்ந்த இடம் நடுவில் இருக்க வேண்டும். பின்பக்கம் சரிந்திருந்தால், நீங்கள் எப்படி உட்கார்ந்தாலும் பின்னால் வழுக்கி, கால் முன்னால் போகும். தோல்வார் மாட்டும் கொக்கி மிக முன்னால் இருக்கும் சேணமும் அப்படித்தான். தோல்வார் எப்போதும் செங்குத்தாகத் தொங்கத்தான் பார்க்கும். அதை இழுத்துப் பின்னால் பிடித்து வைக்கும் வேலையை உங்கள் தசை எவ்வளவு நேரம் செய்யும்? வேறு சேணத்தில் அமர்ந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். பின்சரிவு குதிரையின் முதுகையும் ஒரே இடத்தில் அழுத்தும் என்பதால், சேணம் பொருத்தத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நீங்களாகவே அடியில் துணி மடித்து வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

எனக்கு நேர் எதிர். கால் பின்னால போய், உடம்பு முன்னால கவுருது.

முதுகை உள்வளைத்து, தொடை இடுக்கில் எடை போட்டு அமர்கிறீர்கள். அங்கவடி உங்களுக்கு நீளமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "நெஞ்சைத் தூக்கு, முதுகை நிமிர்த்து" என்று கேட்டுக் கேட்டு இந்த நிலைக்கு வந்தவர்களும் உண்டு. தொப்புளை முதுகெலும்பை நோக்கி லேசாக இழுத்து, வால் எலும்பு கீழ்நோக்கிப் போவதாக நினைத்து மூச்சை விடுங்கள். உட்காரும் எலும்பு கீழே குத்துவது தெரியும். அதன் பிறகு காலைத் தொட வேண்டிய அவசியமே பல நேரம் வராது.

கால்விரல் வெளியே திரும்பியே இருக்கு. நேரா வச்சா முழங்கால் வலிக்குது.

பாதத்தை மட்டும் உள்ளே திருப்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும். வலிப்பது அதனால்தான், நிறுத்துங்கள். திருப்பம் தொடை இடுப்போடு சேரும் மூட்டிலிருந்து வர வேண்டும்.

நிற்கும் குதிரைமேல், ஒருவர் கடிவாளத்தைப் பிடித்திருக்க, அங்கவடியிலிருந்து ஒரு காலை எடுங்கள். தொடையைச் சேணத்திலிருந்து சற்று விலக்கி, பின்னாலிருந்து கையை விட்டுத் தொடையின் பின்சதையைப் பிடித்து வெளிப்பக்கமாகப் பின்னால் இழுத்துவிட்டு, காலை மறுபடி இறக்குங்கள். இப்போது தொடையின் தட்டையான உட்புறம் சேணத்தில் படியும், முழங்கால் முன்னோக்கும், பாதமும் கூடவே வரும். மறுகாலுக்கும் அப்படியே. இடுப்பு விலகுவதால் முதல் தடவை உட்தொடை இழுத்துப் பிடிப்பது இயல்பு. பாதம் குதிரைக்கு இணையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நீங்கள் தரையில் நடக்கும்போது பாதம் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு விரிந்திருந்தால் பரவாயில்லை.

ரைசிங் ட்ராட்ல கீழ்க்கால் ஊஞ்சல் மாதிரி ஆடுது.

எழும்போது நீங்கள் அங்கவடியை உதைத்து மேலே போகிறீர்கள். குதிரையே உங்களைத் தூக்கிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது இடுப்பை முன்னால் போக விடுவது மட்டும். இடுப்பு முன்னும் சற்று மேலுமாகப் போய், அதே பாதையில் மென்மையாகத் திரும்பி வரட்டும். மிக உயரமாக எழுந்தால் இறங்கும்போது தொப்பென்று விழுவீர்கள், கால் முன்னால் தெறிக்கும். சேணத்துக்கும் உங்களுக்கும் நடுவில் சின்ன இடைவெளி வந்தால் போதும்.

தாளத்தை மாற்றி ஓட்டுவது நல்ல மருந்து: ஒரு அடிக்கு உட்கார்ந்து, இரண்டு அடிக்கு எழுந்தே நில்லுங்கள். கீழ்க்கால் சரியான இடத்தில் இல்லையென்றால் அந்த இரண்டாவது அடியில் நிற்கவே முடியாது, முன்னாலோ பின்னாலோ சாய்ந்துவிடுவீர்கள். யாரும் சொல்லித் தராமலே கால் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். நிலை தடுமாறினால் பிடரியைப் பிடியுங்கள். கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கினால் அது குதிரையின் வாயில் போய்த்தான் விழும்.

எந்தக் காலைப் பார்த்து எழணும்?

வட்டத்தின் வெளிப்பக்கத்து முன்னங்கால் தோள் முன்னால் போகும்போது எழ வேண்டும், பின்னால் வரும்போது உட்கார வேண்டும். அப்போது உட்பக்கத்துப் பின்னங்கால் தரையில் ஊன்றும் நேரத்தில் நீங்கள் சேணத்தில் இருப்பீர்கள். தாளம் தவறியிருந்தால் ஒரு அடி கூடுதலாக உட்கார்ந்துவிட்டு எழுங்கள். திசை மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்றுங்கள். தலையைக் குனிந்து பார்க்காமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்தே ட்ராட் போனா துள்ளித் துள்ளி விழறேன். "தளர்வா இரு"ங்கறாங்க, தளர்ந்தா இன்னும் மோசமா இருக்கு.

உங்கள் அனுபவம் சரி, அறிவுரைதான் அரைகுறை. முழுக்கத் தளர்ந்த உடம்பு துள்ளத்தான் செய்யும். ட்ராட்டில் குதிரையின் முதுகு ஒவ்வொரு தாளத்துக்கும் மேலே வந்து கீழே இறங்குகிறது. மேலே வருவது உங்களைத் தூக்கிவிடுகிறது. கீழே இறங்கும்போது நீங்களும் கூடவே இறங்கினால் துள்ளல் இல்லை, தாமதமாக இறங்கினால் அடுத்து மேலே வரும் முதுகோடு மோதுவீர்கள். கூடவே இறங்குவதற்கு வயிற்றுத் தசையும் கீழ்முதுகுத் தசையும் வேலை செய்ய வேண்டும். தளர வேண்டியது தொடையும் முழங்காலும் தோளும். நடுவுடம்பு விழித்திருக்க வேண்டும்.

பழகும் விதம்: மெதுவான ட்ராட்டில் எழுந்து அமர்ந்து போய்க்கொண்டே, நான்கைந்து அடி மட்டும் உட்கார்ந்திருங்கள். துள்ளல் தொடங்கும் முன்பே மறுபடி எழ ஆரம்பித்துவிடுங்கள். துள்ளிக்கொண்டே முழுச் சுற்று போவதால் ஒன்றும் வராது. உடம்பு விறைக்கக் கற்றுக்கொள்வதுதான் மிச்சம். குதிரையும் அந்த அடி தாங்காமல் முதுகை உள்ளே வளைத்துக்கொள்ளும், பிறகு இன்னும் கடினமாகும். வெளிப்பக்கத்துக் கையின் இரண்டு விரலால் சேணத்தின் முன்விளிம்பைப் பிடித்து உங்களைக் கீழே இழுத்துக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூச்சைப் பிடித்துவைத்திருக்கிறீர்களா என்றும் கவனியுங்கள். அடிகளைச் சத்தமாக எண்ணினால் மூச்சு தானாக வெளியே வரும்.

கேன்டர்ல அங்கவடி கழண்டுகிட்டே இருக்கு.

முழங்கால் கவ்வி, குதிகால் மேலேறி, பாதம் லேசாகிவிடுகிறது. மேலே குதிகாலையும் முழங்காலையும் பற்றிச் சொன்னதே இதற்கும் பதில். கூடுதலாக ஒன்று: கேன்டருக்குக் கட்டளை தரும்போது வெளிப்பக்கத்துக் காலைப் பின்னால் கொண்டுபோகிறோம். பலர் அப்போது முழங்காலை மடக்கிக் குதிகாலைத் தூக்குகிறார்கள். அந்தக் கணமே அங்கவடி நழுவத் தொடங்குகிறது. முழுக்காலும் இடுப்பிலிருந்து ஒரு சாண்கூட வேண்டாம், ஒரு கையகலம் பின்னால் போனால் போதும். குதிரை கிளம்பியதும் கால் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

அங்கவடி இல்லாம ஓட்டினாத்தான் அமர்வு வருமா?

வரும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதிய மாணவர்களை நீண்ட காலம் லஞ்ச் கயிற்றில் (நடுவில் நிற்கும் பயிற்சியாளர் பிடித்திருக்கும் நீண்ட கயிறு) வட்டமிடும் குதிரைமேல், அங்கவடியும் கடிவாள வாரும் இல்லாமல் உட்கார வைத்துத்தான் அமர்வைக் கற்றுத் தருகிறார்கள். அங்கே கயிற்றைப் பிடித்திருப்பவர் தேர்ந்தவர், குதிரை பழுத்தது. இந்த இரண்டும் இல்லாமல் நீங்களாகவே அங்கவடியைக் கழற்றிவிட்டு ட்ராட்டில் தொங்கினால், முழங்காலால் கவ்வத்தான் கற்றுக்கொள்வீர்கள்.

நடையில் தொடங்குங்கள். கணுக்காலைச் சுழற்றுங்கள், ஒவ்வொரு காலாகப் பக்கவாட்டில் விலக்கி இறக்குங்கள், கையைப் பக்கவாட்டில் நீட்டி இடுப்பிலிருந்து திரும்புங்கள். உடம்பு அயர்ந்து கவ்வத் தொடங்கியதும் நிறுத்துங்கள். தலைக்கவசம் எப்போதும்போல் கட்டாயம். தோல்வார்களைச் சேணத்துக்கு முன்னால் குதிரையின் தோள்மேல் குறுக்காகப் போட்டுவிடுங்கள். ஆடும் அங்கவடி விலாவில் இடித்தால் குதிரைக்கு அது உதை.

குதிரை நகரவே மாட்டேங்குது, உதைச்சு உதைச்சு என் காலே கெட்டுப்போச்சு.

ஒவ்வோர் அடிக்கும் உதைத்தால் குதிரை அதைப் பின்னணிச் சத்தமாக எடுத்துக்கொண்டு மறந்துவிடும். ஆடுசதையால் மென்மையாக ஒரு தடவை அழுத்துங்கள். பதில் இல்லையென்றால் தெளிவாக ஒரு தடவை. அதற்கும் இல்லையென்றால் காலுக்குப் பின்னால் சவுக்கால் ஒரு தட்டு. நகர்ந்த கணமே காலை அமைதியாக்குங்கள். அந்த அமைதிதான் குதிரைக்குக் கிடைக்கும் பரிசு. நகரச் சொல்லிவிட்டுக் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கவில்லையே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று மந்தமான குதிரை என்றால் முதுகு, குளம்பு, சேணம் எதிலாவது வலி இருக்கலாம். அதை விலக்கிவிட்டுத்தான் சோம்பேறி என்று பேர் வைக்க வேண்டும்.

ஒரு அங்கவடி மட்டும் நீளமா இருக்கற மாதிரி தோணுது. அளந்தா ரெண்டும் ஒண்ணுதான்.

துளை எண்ணை வைத்து அளந்தீர்களா, வாரைக் கழற்றி அருகருகே வைத்து அளந்தீர்களா? எப்போதும் இடப்பக்கம் ஏறுவதால் இடது வார் நாளடைவில் நீண்டுவிடும். அதே எண் துளையில் இருந்தாலும் நீளம் வேறாகும். அவ்வப்போது இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள், ஏறுவதற்கு மேடை ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

வார் உண்மையிலேயே சமம் என்றால் நீங்கள்தான் சாய்கிறீர்கள். ஒரு பக்க விலா சுருங்கி, இடுப்பு மறுபக்கம் தள்ளியிருக்கும். பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: சேணத்தின் நடுக்கோடு குதிரையின் முதுகெலும்புமேல் இருக்கிறதா, உங்கள் முதுகெலும்பு அதன்மேல் இருக்கிறதா? சுருங்கிய பக்கத்துக் கையை நேராக மேலே தூக்கிக்கொண்டு ஒரு சுற்று நடந்தால் விலா விரியும். இதில் சிக்கலான ஒரு விஷயம் உண்டு. குதிரைகளும் ஒரு பக்கம் வலுவாக, ஒரு பக்கம் விறைப்பாகத்தான் இருக்கும். சேணம் ஒரு பக்கம் சரிய அதுவும் காரணமாகலாம். வேறு குதிரைமேல் அதே சாய்வு வந்தால் உங்களுடையது, வராவிட்டால் குதிரையையும் சேணத்தையும் பாருங்கள்.

ஓட்டி முடிச்சா முழங்கால் வலி, பாதம் மரத்துப்போகுது.

முழங்காலுக்கு: அங்கவடி மிகக் குட்டை, பாதத்தை வலிந்து திருப்புவது, முழங்காலால் கவ்வுவது, இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். மரத்துப்போவதற்கு: அடித்தட்டை விரல்களால் அழுத்திப் பிடித்திருப்பீர்கள், அல்லது ஷூ இறுக்கம். இவற்றைத் திருத்திய பிறகும் வலி மறுநாள்வரை நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பொறுத்துக்கொண்டு ஓட்டினால் உடம்பு அந்தக் காலைக் காப்பாற்றச் சாயும், அப்புறம் முந்தைய கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

என் தொடை பருமன், கால் குட்டை. எனக்கெல்லாம் இந்த நிலை வருமா?

வரும். படத்தில் தெரியும் நீளக்கால் உருவத்தோடு ஒப்பிடாதீர்கள். தொடைச் சதையைப் பின்னால் இழுத்துவிடும் முறை, விரல் திரும்புவதைப் பற்றிய பதிலில் சொன்னது, உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் பலன் தரும். சேணத்தின் பக்கத்தோல் உங்கள் முழங்காலுக்குப் பொருந்துகிறதா, குதிரையின் உடம்பு உங்கள் இடுப்புக்கு மிக அகலமா என்பதையும் பாருங்கள். அகலமான குதிரைமேல் குட்டைக்கால்காரரின் இடுப்பு திறக்காமல் முழங்கால் மேலேறும். அது அவர் குற்றமில்லை.

குதிரை இல்லாத நாள்ல வீட்டிலே என்ன செய்யலாம்?

படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று குதிகாலை மெதுவாக இறங்க விடுங்கள், அரை நிமிடம்போல. நாள் முழுக்க நாற்காலியில் வேலை பார்ப்பவர்களுக்கு இடுப்பின் முன்பக்கத் தசை குறுகியிருக்கும்; ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை முன்வைத்து, இடுப்பை முன்னால் நகர்த்தி அதை நீட்டுங்கள். நடுவுடம்புக்கு பிளாங்க், அதாவது முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக வைத்திருப்பது. ஒற்றைக்காலில் நின்று பல் துலக்கினால் எந்தப் பக்கம் பலவீனம் என்பதும் தெரிந்துவிடும்.

தடை தாண்டறதுக்கு இதெல்லாம் மறந்துடணுமா?

மேலுடம்பு மாறும், கீழ்க்கால் மாறாது. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ கப்ரில்லி (1868–1907) வரும் வரை, தடை தாண்டும்போது பின்னால் சாய்வதுதான் வழக்கம். அவர்தான் அங்கவடியைக் குறைத்து, சேணத்திலிருந்து எழுந்து, குதிரையின் சமநிலையோடு முன்னால் போகும் அமர்வைப் பரப்பினார். அங்கவடி குறைந்து இடுப்பு மடங்கினாலும், தோல்வார் செங்குத்தாகத்தான் இருக்க வேண்டும், எடை குதிகாலுக்குத்தான் போக வேண்டும். குதிகாலுக்குச் சொன்ன எழுந்து நிற்கும் பயிற்சியே இதற்கும் தொடக்கம்.

திடல்ல எல்லாம் சரியா வருது. குதிரை திடீர்னு மிரண்டா அத்தனையும் போயிடுது.

மிரண்டதும் உடம்பு சுருண்டு, முழங்கால் கவ்வி, கை இழுக்கும். மனிதர்களின் இயல்பான அனிச்சை அது, வைதால் போகாது. முன்னால் குனிந்து சுருளும் அந்த நிலைதான் விழுவதற்குத் தோதானது என்பதால், எதிர் அனிச்சை ஒன்றைப் பழக்கிவைக்க வேண்டும்: நிமிர், மூச்சு விடு, எடையைக் குதிகாலுக்கு இறக்கு. குதிரையின் கழுத்தில் ஒரு வார் கட்டியிருந்தால் பிடிக்க இடம் இருக்கும். நடையிலிருந்து நிற்பது, ட்ராட்டிலிருந்து நடைக்கு வருவது என ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இந்த மூன்றையும் செய்துவந்தால், மிரளும் நேரத்தில் யோசிக்காமலே வரும்.

பயிற்சியாளர் நல்லா இருக்குங்கறார், வீடியோல பார்த்தா எனக்கே பிடிக்கலை. எதை நம்பறது?

வீடியோ எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். கோணத்தில் எடுத்தால் நேரான கால்கூட முன்னாலோ பின்னாலோ போனதாகத் தெரியும். குதிரை செல்லும் கோட்டுக்குச் செங்குத்தாக, உங்கள் முழங்கால் உயரத்தில் கேமராவை வைத்து, நீங்கள் அதற்கு நேராகக் கடக்கும் அந்த ஓரிரு நொடிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ராட்டில் ஒரு நிலைப்படத்தை நிறுத்திப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். எழும் கணத்தில் ஒரு மாதிரி, இறங்கும் கணத்தில் ஒரு மாதிரி இருக்கும். நான்கைந்து தாளம் ஓடவிட்டு, தோல்வார் செங்குத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை மட்டும் பாருங்கள். அந்த வீடியோவை அப்படியே பயிற்சியாளரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் பார்த்தது உங்கள் காலையா, குதிரையின் முதுகையா என்பதும் அப்போது தெரியும்.